கிழக்குக் கரைப் பயணத்துக்கு முன் சீட்டைச் சரிசெய்தேன்: பிறையில் ஒரு குஷன் கடை

ஜூன் மாதத்தில் மலேசியாவின் கிழக்குக் கரையை மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று வந்துவிடுவது என்று மச்சானும் நானும் போன வருடக் கடைசியிலேயே பேசி முடிவு செய்துவிட்டோம். பினாங்கில் கிளம்பி பாலிங், கிரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாரு, அங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே கோல திரங்கானு, குவாந்தான், மெர்சிங், அப்புறம் குறுக்கே வெட்டி குளுவாங், கோலாலம்பூர், திரும்ப வீடு. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை அந்தக் கரையில் பருவமழை, மோட்டாரில் போவது வீண் வேலை. ஜூன், ஜூலைதான் அங்கே நல்ல வெயில் காலம். மாதம் முடிவானதும் பட்டியல் போட உட்கார்ந்தோம். பெட்டி, மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பேசி மாட்டும் கொக்கி, செயினுக்கு எண்ணெய் என்று இரண்டு பக்கம் எழுதினோம். அதில் சீட் என்ற வார்த்தையே இல்லை. நெடுந்தூரம் போகிறவர்கள் முதல் வரியில் எழுத வேண்டியது அதைத்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பினாங்கின் பெருநிலப் பக்கம் இருக்கும் பிறை என்ற ஊரில் எனக்குச் சீட் செய்து கொடுத்த குஷன் கடையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

என் மோட்டார் 250 சிசி, ஒற்றை சிலிண்டர். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை மாதிரி பாலிங் வரை போய் வந்தோம். கூலிம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே இடது பக்கம் அடியில் ஒரு எலும்பு குத்த ஆரம்பித்தது. முன்னே தள்ளி உட்கார்ந்தேன், பின்னே தள்ளி உட்கார்ந்தேன், ஒரு தொடையில் சாய்ந்து பார்த்தேன். எழுபதாவது கிலோமீட்டரில் கால் மிதியில் எழுந்து நின்றுகொண்டுதான் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டேன். முதல் நாள் பயணம் மட்டுமே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் டாங்கியில் பாதி எண்ணெய் தீருவதற்குள் என் உடம்பு தீர்ந்துவிடும் என்றால் நாங்கள் போட்ட திட்டம் எதுவுமே திட்டம் இல்லை.

எல்லாரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன். இணையத்தில் ஒரு ஜெல் மெத்தை வாங்கி சீட்டின் மேல் கட்டினேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக்கு வெளியே எட்டு மணி நேரம் வெயிலில் நின்ற மோட்டாரில் வந்து உட்கார்ந்தபோது தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. அதோடு ஜெல் அழுந்தாது, அழுத்துகிற இடத்திலிருந்து பக்கவாட்டில் விலகித்தான் கொடுக்கும், அதனால் கொஞ்ச நேரத்தில் எலும்புக்குக் கீழே மெலிதாகி, பழைய குத்தல் பழைய இடத்திலேயே வந்து நின்றது. இரண்டு வாரத்தில் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டேன்.

என்னோடு ஷிப்ட் பார்க்கும் ஓர் அண்ணன்தான் இந்தக் கடையைச் சொன்னார். அவர் தாய்லாந்து வரை ஓட்டிப் போய் வருகிறவர், சும்மா சொல்ல மாட்டார். கடையின் பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை. குஷன்காரர் தனியாளாக வேலை செய்கிறார், ஒரேயடியாக ஆள் வந்தால் என்னால் தாங்க முடியாது என்று அவரே கேட்டுக்கொண்டார். பிறையில் பழைய கடைவீட்டு வரிசையின் பின்சந்து என்று மட்டும் சொல்கிறேன். முன்னால் பலகை எதுவும் கிடையாது. சுவரில் ஆணி அடித்து வரிசையாக மோட்டார் சீட்டுகள் தொங்கும், அதுதான் அடையாளம். உள்ளே ஒரு லோரி சீட், பாதி பிரித்த சோபா, தரையெல்லாம் ஃபோம் துணுக்கு, நடுவில் காலால் மிதிக்கும் பெரிய தையல் எந்திரம். ஆளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பட்டர்வொர்த்தில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், பதினாறு வயதில் சேர்ந்து பேருந்து சீட் தைத்துப் பழகினாராம். நாள் முழுக்க பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு சீட் செய்த கை என்பது, வேலை நடக்கும்போது பார்த்தால் தெரிகிறது.

நான் போய் நின்றதும், “அண்ணே, நல்லா மெத்துன்னு செஞ்சு குடுங்க” என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. “மெத்துன்னு இருந்தா அரை மணி நேரம் நல்லா இருக்கும் தம்பி. எவ்வளவு தூரம் போறீங்க?” என்று கேட்டார். ஆறேழு நாள், ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் என்றேன். “அப்ப மெத்துன்னு கேக்காதீங்க” என்றார்.

அதற்கு அப்புறம் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மர ஸ்டூல் மேல் வைத்து, கைப்பேசி, பணப்பை எல்லாவற்றையும் பையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு என்னை அதில் உட்கார வைத்தார். மோட்டாரில் உட்காருகிற மாதிரியே கொஞ்சம் முன்சாய்ந்து, கையை நீட்டி, ஐந்து நிமிடம். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கிறது. நம் உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு எலும்பு முனைகள்தான் என்று காட்டினார். என்னுடைய இடது குழி வலதைவிடக் கொஞ்சம் ஆழம். பிப்ரவரியில் எனக்கு இடது பக்கம்தான் முதலில் குத்தியது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. குழிகளுக்கு நடுவே அளவு எடுத்து, அந்த அட்டையிலேயே பேனாவால் எழுதி, என் சீட்டோடு சேர்த்துக் கட்டி வைத்தார்.

பிறகு மோட்டார் மேல் ஏறச் சொன்னார். பின்னால் நின்று பார்த்தார், பக்கத்தில் வந்து முட்டி மடக்கைப் பார்த்தார், இரண்டு பாதமும் தரையில் எவ்வளவு படுகிறது என்று குனிந்து பார்த்தார். என் சீட் டாங்கியை நோக்கிச் சரிவாக இருக்கிறது, அதனால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் நான் முன்னால் வழுக்கி, மறுபடி பின்னால் தள்ளி உட்காருகிறேன், பாதி வலி இந்த வழுக்கலால்தான் என்றார். மூன்று வருடமாக ஓட்டுகிறேன், சரிவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நீர்மட்டக் கருவியை சீட் மேல் வைத்துக் காட்டினார், குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

சீட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்கலாம், அவர் ஒன்றும் சொல்வதில்லை. அடித்தட்டைத் திருப்பிப் போட்டு ஸ்டேப்பிள்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார், பாதி துருப்பிடித்துக் கையோடு ஒடிந்தது. உறையை உரித்ததும் உள்ளே ஃபோம் மஞ்சள் பூத்துப் போய், நடுவில் மட்டும் ஈரக்கறை. தையல் போன இடத்தின் கீழேயே கறை இருந்தது. சீட்டின் நடுவே தையல் போட்டால் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும், மழை நின்று இரண்டு நாள் கழித்தும் உட்கார்ந்தால் பிழிந்துகொண்டு மேலே வரும் என்றார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த அனுபவம், காரணம்தான் தெரியாமல் இருந்தது.

கட்டை விரலால் பழைய ஃபோமை அழுத்தச் சொன்னார். விரல் சுலபமாக இறங்கி அடித்தட்டில் போய் முட்டியது. அப்புறம் அவர் போடப்போகும் ஃபோமைக் கொடுத்தார். பல வண்ணத் துணுக்குகளை அழுத்தி ஒட்டவைத்த கெட்டி ஃபோம், கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது. அழுத்தினால் கொஞ்சம்தான் இறங்குகிறது, ஆனால் நிதானமாகத் தள்ளித் திரும்பி வருகிறது. மிருதுவான ஃபோமில் எலும்பு அடி வரை இறங்கிவிடும், அதற்குமேல் நீங்கள் பிளாஸ்டிக் மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கெட்டி ஃபோமில் எலும்பு அந்த அளவுக்கு இறங்காது, சுற்றியுள்ள சதையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். ரத்தம் ஓடுகிற வரைக்கும் வலி வராது என்று ஒரே வரியில் சொல்லி முடித்தார். மெமரி ஃபோம் போடலாமா என்று கேட்டேன். அது சூட்டில் இளகுகிற சாமான், மெத்தைக்கும் தலையணைக்கும் சரி, நம்ம ஊர் வெயிலில் நிற்கும் மோட்டாருக்கு வேண்டாம் என்றார். ஜெல் மெத்தையில் பட்ட பாட்டுக்கு அப்புறம் அதை மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை.

வேலை இப்படிப் போனது. எலும்பு விழும் இடத்தில் பழைய ஃபோமை நீளக் கத்தியால் குடைந்து எடுத்தார். அந்தக் குழியில் கெட்டி ஃபோமை மஞ்சள் பசை தடவி ஒட்டினார், இடது பக்கம் மட்டும் நூலிழை அளவு மாற்றி. பின்பகுதியை இரண்டு பக்கமும் அகலப்படுத்தினார், முன்பகுதியை அப்படியே ஒடுக்கமாக விட்டார், அகலப்படுத்தினால் கால் தரைக்கு எட்டாது. பிறகு கிரைண்டரில் உப்புத்தாள் தட்டை மாட்டி, ஃபோமைச் சீவிச் சீவி வடிவத்துக்குக் கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், எங்கோ ஒரு மேடு தட்டும், மறுபடி கிரைண்டர். எனக்குக் கையில் ஒன்றுமே தட்டவில்லை. அதன் மேல் ஒரு விரல் கனத்துக்கு மிருதுவான ஃபோம், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள், கடைசியாக வினைல் உறை. உட்காருகிற இடத்தில் ஒரு தையல்கூட இல்லாமல், எல்லாத் தையலையும் ஓரத்துக்குத் தள்ளித் தைத்தார். ஸ்டேப்பிள் துருப்பிடிக்காத எஃகு.

முன் சீட்டுக்கு மட்டும் 220 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். ஜெல் மெத்தைக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு, ஆனால் ஒரு நல்ல பின்பெட்டியின் விலையைவிடக் குறைவு. அடுத்த முறை இதே பணத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் சீட்டுக்குத்தான் கொடுப்பேன்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு நாளில் தருகிறேன் என்றார், ஆறு நாள் ஆனது. நடுவில் ஒரு லோரிக்காரர் அவசரம் என்று வந்துவிட்டதாகச் சொன்னார், அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். வேலைக்குப் போக நான் தம்பியின் காப்சாயை, அந்தச் சின்ன மோட்டாரை, கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. தைத்த நூலின் நிறம் நான் காட்டிய சாம்பல் இல்லை, கொஞ்சம் பச்சை கலந்தது. வலது பின் மூலையில் உறை இழுபடும் இடத்தில் ஒரு சின்ன மடிப்பும் நின்றது. இந்தக் கடைக்குப் போகிறவர்கள் அவர் சொல்லும் நாளோடு ஒரு வாரம் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பயணத்துக்கு முதல் வாரம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். நான் மார்ச் கடைசியில் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

ஒரு தவறு மட்டும் என்னுடையது. வெளிர் சாம்பல் வினைல் போடச் சொன்னார், அழுக்குத் தெரியும் என்று நான் கறுப்பு கேட்டேன். கறுப்பு வெயிலில் என்ன சூடாகிறது என்பதைக் கிழக்குக் கரையில் ஒவ்வொரு நாளும் மதியம் உணர்ந்தேன். நிறுத்தும்போதெல்லாம் மழைக்கோட்டை சீட் மேல் போர்த்தி வைத்துத்தான் சமாளித்தேன். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

சீட்டை மாட்டி முதல் நாள் ஓட்டியதும் எனக்கு ஏமாற்றம்தான். பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. அவர் முன்பே சொல்லியிருந்தார், முதல் ஐந்நூறு கிலோமீட்டர் இப்படித்தான் இருக்கும், ஃபோம் உங்கள் உடம்பைப் படிக்க வேண்டும், அவசரப்பட்டு மாற்ற வராதீர்கள், ஐந்நூறு ஓடியதும் வாருங்கள் என்று. அதனால் பொறுத்தேன். தினமும் வேலைக்குப் போகிற ஓட்டம், இரண்டு ஞாயிறு பாலிக் புலாவ் மலைப்பாதை, ஒரு முறை தைப்பிங். ஐந்நூறு தாண்டியபோது கெட்டி என்ற நினைப்பே போய்விட்டது, ஆனால் தொடையின் உள்பக்கம் ஓர் ஓரம் உரசியது. போய்ச் சொன்னேன். ஒரு பக்கம் ஸ்டேப்பிளைக் கழற்றி, அந்த ஓரத்தை விரல் நகம் அளவு சீவி, மறுபடி இழுத்து அடித்துக் கொடுத்தார், அரை மணி நேரம். அந்த மடிப்பும் அன்றே போய்விட்டது. காசு வேண்டாம் என்றார். சீட் கொடுக்க, வாங்க, சீவ என்று மொத்தம் மூன்று முறை போனேன், 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்துக்கு 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை என்பதால் அது ஒரு பாரமாகவே தெரியவில்லை.

இதற்கு அப்புறம்தான் உண்மையாகத் திட்டம் போட்டோம். முன்பு வரைபடத்தைப் பார்த்து, எந்த ஊரில் தங்குவது என்று குறித்திருந்தோம். இப்போது தைப்பிங் ஓட்டத்தில் எத்தனை மணி நேரம் வலியில்லாமல் உட்கார முடிந்தது என்பதை வைத்து நாளைப் பிரித்தோம். ஒரு தடவையில் இரண்டு மணி நேரம், அதற்குமேல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இறங்கிப் பத்து நிமிடம் நடப்பது. இதுவும் குஷன் அண்ணன் சொன்னதுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்த சீட்டும் காப்பாற்றாது என்பார். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது, 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. நாங்கள் ஆறு நாள் ஓட்டத்தில் போன தூரம் அது. அப்படி ஓட எனக்கு ஆசையில்லை, ஆனால் அந்தச் சங்கம் தன் பெயரிலேயே உடம்பின் எந்த இடத்தை வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு வியாழக்கிழமை விடியலில் கிளம்பினோம். கிரிக்கில் ரொட்டி சானாய் பசியாறி, டாங்கியை விளிம்பு வரை நிரப்பினோம். கிரிக்கிலிருந்து ஜெலி வரை 1982இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும்தான், எண்ணெயை நம்பி நடுவில் நிற்கக் கூடாது. யானை கடக்கும் என்று மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள், அது அலங்காரத்துக்கு இல்லை; தெமெங்கோர் ஏரிப் பாலத்துக்கு அப்புறம் ஒரு வளைவில் சாலை நடுவே ஆவி பறக்க யானைச் சாணம் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல், அந்த இடத்தைக் கடந்தோம். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் மோட்டாரில் போகாதீர்கள். சீட்டின் பங்கு இதில் என்னவென்றால், வழக்கமாக இந்த நேரத்தில் நான் நெளிந்துகொண்டிருப்பேன், கண் சாலையில் பாதி, வலியில் பாதி இருக்கும். அன்று முழுக் கவனமும் சாலையில் இருந்தது.

மலை இறக்கத்தில் மழை பிடித்தது, முக்கால் மணி நேரம், கண்ணாடியில் ஒன்றும் தெரியாத மழை. ஜெலியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை ஓரம் நிறுத்தி நான் சீட்டை ஒரு துணியால் துடைத்தேன், முடிந்தது. மச்சானுடையது 150 சிசி காப்சாய், சீட் வாங்கியபோது வந்தது, நடுவில் தையல் விட்டுப்போய் பசை டேப் ஒட்டியிருந்தான். அவன் உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தது. கோத்தா பாரு வரை இன்னும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ஈரக் கால்சட்டையோடு அவன் ஓட்டியதில் அன்றிரவே தொடை இரண்டும் சிவந்து புண்ணாகிவிட்டது. அவனும் என்னோடு மார்ச்சில் அந்தக் கடைக்கு வந்தவன்தான், அவ்வளவு காசா என்று யோசித்து விட்டுவிட்டான். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் அவனுக்கு ஒரு துண்டு ஃபோமாவது வாங்கிப் போடலாம் என்று தேடினோம். வெள்ளிக்கிழமை. கோத்தா பாரு இருக்கிற கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், நாங்கள் போன வொர்க்‌ஷாப் எல்லாம் அடைத்திருந்தது. திரங்கானுவிலும் அதே கணக்கு. பினாங்கில் இருக்கிற நமக்கு இது சட்டென்று ஞாபகம் வராது, கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் வண்டி வேலை ஏதும் இருந்தால் இந்த இரண்டு நாளையும் ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடுங்கள். ஒரு துவாலையை நான்காக மடித்துக் கட்டிக்கொண்டு கோல திரங்கானு வரை 165 கிலோமீட்டரை நாலு தடவை நிறுத்தி ஓட்டினான். லோசோங்கில் கெரோப்போ லேக்கோர் என்ற மீன் பலகாரம் சாப்பிடும்போதுகூட உட்காராமல் நின்றே சாப்பிட்டான், பிப்ரவரியில் நான் இரவுச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி. சனிக்கிழமை மாலை குவாந்தான் போய்ச் சேர்ந்துதான் ஒரு குஷன் கடை திறந்திருந்தது, அங்கே கிடைத்த கெட்டி ஃபோமை வைத்து மேலே பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்தார்கள். அதற்கு அப்புறம் அவன் முகம் தெளிந்தது.

என் பக்கம் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் இந்த சீட்டுக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண். குவாந்தானிலிருந்து பெக்கான், ரொம்பின் வழியாக மெர்சிங் வரை மூன்றாம் எண் கூட்டரசு சாலையில் கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சோதனை வந்தது ஐந்தாம் நாள். மெர்சிங்கிலிருந்து குளுவாங் போகும் ஐம்பதாம் எண் சாலையில் செம்பனை லோரிகள் உழுது போட்ட பள்ளங்கள், அதை முடித்ததும் நெடுஞ்சாலையில் ஏறி நேராகக் கோலாலம்பூர், மொத்தம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர், அதுவும் உச்சி வெயிலில். பள்ளத்தில் விழும்போது கெட்டி ஃபோம் முதுகுக்கு அதிர்வைக் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புகிறது, இதை மறைக்க மாட்டேன். பள்ளம் கண்டால் மிதியில் எழுந்து நின்றுவிட வேண்டும். முதுகுத்தண்டில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள் அவரிடம் முதலிலேயே சொல்லி, மேல் அடுக்கைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள். செந்தூலில் சித்தி வீட்டு வாசலில் இறங்கியபோது தோள் வலித்தது, மணிக்கட்டு மரத்திருந்தது, உட்காரும் இடத்தில் ஒன்றும் இல்லை. சித்தி போட்ட நாற்காலியில் நேராகப் போய் உட்கார்ந்தேன்.

உடையும் முக்கியம், சீட் மட்டும் போதாது. ஜீன்ஸின் தடித்த தையல் சரியாக அந்த எலும்புக்குக் கீழேதான் வரும், பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உரசும். சைக்கிள்காரர்கள் போடுகிற மாதிரி தையலில்லாத, சீக்கிரம் காய்கிற உள்கால்சட்டை இரண்டு எடுத்துப் போனேன், இரவு அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

யாருக்கு இந்த வேலை ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குள்ளமானவர்கள் கவனம்: எனக்கு சீட் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கூடியிருக்கிறது, என் உயரத்துக்கு அது பரவாயில்லை, குதிகால் மட்டும் லேசாகத் தூக்குகிறது. பாதம் ஏற்கெனவே எட்டாமல் ஓட்டுகிறவர்கள் உயரம் கூடாமல் செய்யச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், செய்து தருவார். அப்புறம், தினமும் இருபது நிமிடம் வேலைக்குப் போய் வருவதற்கு மட்டும் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு இவ்வளவு கெட்டியான சீட் தேவையே இல்லை, அவர்களுக்குத் தொழிற்சாலை சீட்டே சுகமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மீட்டர் 1,704 கிலோமீட்டர் காட்டியது. அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பா கெரோப்போவோடு பிறைக்குப் போனேன், மச்சானும் தன் சீட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்து வந்தான். அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக என் மோட்டாருக்கு வந்து, இரண்டு கட்டை விரலையும் அந்த இரண்டு இடத்தில் வைத்து அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தார். “எறங்கல” என்றார். அப்புறம் மச்சான் பக்கம் திரும்பி, மூலையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். அவனுக்கு இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார், நாங்கள் மூன்று என்று வைத்திருக்கிறோம். என் மனைவிக்காகப் பின் சீட்டும் அதற்கடுத்துக் கொடுக்கப்போகிறேன். வெளிர் சாம்பல்தான்.